முதல் சத்தம் யார் கையால்

நான் சர்ச்சில் ஆர்கன் வாசித்தவள். ஜவ்வாது மலைமேல், ஓடு வேய்ந்த ஒரு சின்னச் சர்ச்சில், எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து எண்பதுகள் முடியும்வரை வாசித்தேன். எனக்கு முன்னால் அங்கே வாசித்தவர் ஒரு வெள்ளைக்கார நர்ஸ். எனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது, பிளக்கில் சொருகினால் பாடும் கீபோர்டு. நடுவில் நான். பெரிய வித்துவான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கறுப்புக் கட்டை அதிகமாக வருகிற பாட்டென்றால் எனக்கு முதல்நாளே காய்ச்சல் வந்துவிடும். ஆனால் அந்தப் பெஞ்சிலிருந்து என்னை எழுப்பப் பார்த்தார்கள், நான் எழுந்திருக்கவில்லை. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

என் ஊர் கண்ணமங்கலத்துக்குப் பக்கம். அப்பா கரும்பு வண்டி ஓட்டினார். வேதக்காரக் குடும்பம் என்பதால் என்னை வேலூரில் போர்டிங்கில் சேர்த்தார்கள். அங்கே ஜெபத்தின் நடுவில் பேசியதற்கு எனக்குக் கிடைத்த தண்டனை, சனிக்கிழமைதோறும் ஆர்கனைத் துடைப்பது. துடைக்கிறவள் ஒரு கட்டையை அமுக்கிப் பார்க்காமல் இருப்பாளா? அமுக்கினேன், சத்தம் வரவில்லை. கீழே இருக்கும் மிதியை மிதித்தால்தான் காற்று ஏறும், காற்று ஏறினால்தான் பாடும் என்று கண்டுபிடிக்க அடுத்த சனிக்கிழமை ஆகிவிட்டது. தண்டனைக் காலம் முடிந்த பிறகும் நான் ஜெபத்தில் பேசுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஆர்கன் பக்கம் போக முடியாதே.

டீச்சர் டிரெய்னிங் முடித்ததும் மலைமேல் இருந்த மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போட்டார்கள். கூடப் படித்தவர்கள், மலையா, நெல்லிவாசல்நாட்டுப் பக்கமா, ஜீப்புக்குக் காத்திருந்தே கிழவியாகிவிடுவாய் என்று சிரித்தார்கள். அங்கே ஓர் ஆர்கன் சும்மா கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால் மறுபேச்சுப் பேசாமல் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். ஒரு சின்ன ஆஸ்பத்திரி, ஒரு பள்ளிக்கூடம், ஒரு சர்ச். ஊழியக் குடும்பங்கள்தான் சபை. எல்லாரும் கீழிருந்து வந்தவர்கள். சுற்றிலும் சாமையும் கேழ்வரகும் போட்டு, புளி உலுக்கி விற்கிற மலை ஜனங்கள். அவர்கள் சாமி அவர்களுக்கு, எங்கள் சாமி எங்களுக்கு. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பாட்டு ஆரம்பித்தால் ஜன்னலண்டை வந்து நின்று கேட்டுவிட்டுத்தான் காட்டுக்குப் போவார்கள்.

அந்த ஆர்கன் பார்க்க ஒரு குட்டி பீரோ மாதிரி இருக்கும். கீழே இரண்டு மிதி. இடது, வலது என்று மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். கால் நின்றால் பாட்டும் நின்றது. மலையில் மழைக்காலம் வந்துவிட்டால் கட்டைகள் ஈரத்தில் ஊறி, அமுக்கினது அமுங்கியபடியே கிடக்கும். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் லாந்தரை ஏற்றி மிதிக்குப் பின்னால் இருக்கிற பொந்தில் வைத்துவிட்டு, அது காய்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்து பரீட்சைத்தாள் திருத்துவேன். அசந்தால் சர்ச்சே எரிந்துபோகும். எலிக்குப் பயந்து உள்ளே அந்துருண்டை போட்டு வைப்பேன். ஒருமுறை காற்றடைக்கும் துருத்தியின் தோல் கிழிந்து, ஆர்கன் ஆஸ்துமாக்காரன் மாதிரி இழுக்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி ஜீப் டிரைவர் வந்து பார்த்தார். பழைய டியூபை வெட்டி, பஞ்சர் ஒட்டுவதுபோலவே ஒட்டிவிட்டுப் போனார்.

ஒட்டுப் போட வந்தவரையே கட்டிக்கொண்டேன். அவர் கடைசிவரை என்னைக் கேலி செய்வார், நீ எங்கே வாசிக்கிறாய், நான் போட்ட ஒட்டுதான் பாடுகிறது என்று. பிள்ளை பிறக்கவில்லை. அது ஒரு குறைதான், ஆனால் சிரிப்புக்குக் குறைவில்லை.

கல்யாணம் என்றால் எங்கள் சர்ச்சில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை முன்னாலேயே உள்ளே வந்து நிற்பான். பெண், வெள்ளைப் புடவையில், அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பாள். ஆர்கனில் முதல் சத்தம் எழும்புகிறவரை அவள் வாசற்படியைத் தாண்டக் கூடாது. அந்தச் சத்தம் எழும்புவதும் சபை முழுக்க எழுந்து நிற்பதும் பெண்ணின் வலது கால் உள்ளே வருவதும் ஒன்றாக நடக்கும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் மாதக்கணக்கில் லாந்தரோடு உட்கார்ந்திருந்தேன் என்றாலும் பொய்யில்லை. பாட்டிலேயே எனக்குப் பிடித்தது அதன் முதல் சுரம்தான்.

ஒரு வருஷம் என் வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை கண்டது. முதலில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், அப்புறம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர்தான் ராத்திரி பகல் பாராமல் கூட இருந்து குளுக்கோஸ் ஏற்றினார். அந்த மனிதர் செய்ததை நான் மறக்கமாட்டேன். பின்னால் அவரோடு எனக்கு வந்த சண்டைக்காக அதை மறைக்கவும் மாட்டேன். ஆனால் என் வீட்டுக்காரர் போய்விட்டார். எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

அடக்க ஆராதனையில் பெட்டியைப் பீடத்துக்கு முன்னால் வைத்தார்கள். பாட்டு எண்ணைச் சொல்லிவிட்டுப் போதகர் நிறுத்தினார். எல்லாரும் ஆர்கனைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். வேறு யாருக்கும் வாசிக்கத் தெரியாது. நான் பெட்டியண்டையிலிருந்து எழுந்துபோய் உட்கார்ந்து மிதித்தேன். அவர் போட்ட ஒட்டில் காற்று ஏறியது. எல்லாச் சரணங்களையும் வாசித்துவிட்டுத்தான் திரும்பி வந்து பெட்டி மேல் தலையைச் சாய்த்து அழுதேன். கல்நெஞ்சுக்காரி என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவரை வழியனுப்ப எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

மறுநாள் என் தாலியைக் கழற்றினார்கள். எங்களுக்குப் பொட்டு வைக்கும் பழக்கம் கிடையாது, அழிக்க ஒன்றும் இல்லை. பூவையும் தாலியையும் எடுத்ததோடு சரி. கழற்றியவள் கம்பவுண்டரின் அக்கா. சின்ன வயதிலேயே தாலியறுத்தவள். தம்பி பெண்டாட்டி பிரசவத்தில் செத்தபிறகு அந்தப் பச்சைக் குழந்தையை மார்மேல் போட்டு வளர்த்தவள். மலையில் எல்லாருமே அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவள் தாலியை மட்டும் உருவிக்கொண்டு சங்கிலியை என் கையில் வைத்தாள். வெறும் சங்கிலியைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஆர்கன் மூடியின் சாவி என்னிடம்தான் இருந்தது. அதை அந்தச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வாசித்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் லேப் டெக்னீஷியன் வீட்டில் ஒரு கல்யாணம் வந்தது. போதகர் வீடு தேடி வந்து, துக்கத்தில் இருக்கிறாய், ஓய்வெடுத்துக்கொள் அம்மா, இந்த ஒரு தரம் ஆர்கன் இல்லாமல் பாடிக்கொள்கிறோம் என்றார். நல்ல மனதோடு சொல்கிறார் என்று நம்பினேன். அடுத்து ஒரு நர்சுக்குக் கல்யாணம். அப்போதும் ஓய்வெடுத்துக்கொள் என்றார். துக்கத்துக்கு ஓய்வெடுக்க வேண்டுமென்றால் நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எப்படி வாசித்தேன், நடுவில் வந்த ஒரு சாவுக்கு எப்படி வாசித்தேன் என்று கேட்டேன். மனுஷன் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். ஜெபம் செய்யலாம் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

விஷயத்தை உடைத்துச் சொன்னவள் அக்காதான். ஒருநாள் கிண்ணத்தில் கறிக்குழம்பு எடுத்துக்கொண்டு வந்தாள். நான் சாப்பிடும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

"தப்பா நெனச்சுக்காத டீச்சரு. பொண்ணு வாசப்படி மிதிக்கிறப்போ காதுல வுழுற மொதோ சத்தம் நல்ல கையிலருந்து வரணும். பெத்தவங்களுக்கு பயம் இருக்காதா? நானும்தான் இத்தினி வருசமா அடுப்பாண்டையே ஒக்காந்துக்கினு கீறேன். செத்தா பூட்டேன்?"

பல்லி கத்தினால் பார்க்காதே, பூனை குறுக்கே போனால் பார்க்காதே, சகுனம் பார்ப்பது அஞ்ஞானம் என்று வருஷம் பூராவும் பிரசங்கம் கேட்கிற ஜனங்கள் இவர்கள். அந்தப் பிரசங்கத்துக்கு முன்னும் பின்னும் வாசித்தவள் நான். பூனை குறுக்கே போகலாம், தாலியறுத்தவள் கைதான் போகக்கூடாது. கிண்ணத்தைக் கழுவிக் கொடுத்து அவளை அனுப்பினேன். அவள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வேறு யார் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன்.

அந்த நர்ஸ் கல்யாணத்தன்று நான் வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். சர்ச்சிலிருந்து ஆர்கன் இல்லாத பாட்டு, ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு, மேட்டில் கேட்டது. எனக்குச் சாமையரிசியும் தேனும் கொண்டுவருகிற மலைக்காரப் பெண் ஒருத்தி சாமை மூட்டையோடு வந்து நின்றாள்.

"இன்னா டீச்சரு, கண்ணாலம் அங்க, நீ இங்க?"

சொன்னேன். அவளுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். அவர்கள் வழக்கத்தில் புருஷன் செத்தால் இன்னொருவனைக் கட்டிக்கொள்வது சாதாரணம். அவளே அப்படி இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவள்தானாம். போன மாதம் நாத்தனார் மகள் கல்யாணத்தில் பெண் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதே இவள்தானாம்.

"அந்தப் பொண்ணு நல்லாத்தான கீறா. உங்க சாமி படிச்ச சாமின்னு நெனச்சேன், அதுக்கு இதுகூடத் தெரியலியா?"

அன்றைக்கு நானும் சிரித்தேன். அவர் போனபிறகு வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்து முடித்தபோது ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

அடுத்து ஆஸ்பத்திரியின் பழைய வாட்ச்மேன் இறந்தார். நல்ல மனிதர், தனிக்கட்டை, காவல் முறை விழுந்த ஞாயிற்றுக்கிழமையிலும் ஜன்னலண்டை நின்று என் வாசிப்பைக் கேட்டவர். நான் அடக்கத்துக்குப் போனேன், மாலை போட்டேன், பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாட்டு எண் சொன்னார்கள். ஆர்கன் மூடி பூட்டியிருந்தது. போதகர் என்னைப் பார்த்தார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாரோடும் சேர்ந்து பாடினேன். என் குரல் தகரம் மாதிரி இருக்கும், அதையும் அடக்கவில்லை.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார்கள். செத்தவருக்குச் செய்கிற மரியாதையா இது என்றார் போதகர். கல்யாணத்துக்கு ஆகாத கை சாவுக்கும் ஆகாது ஐயா என்றேன். இரண்டுக்கும் வாசிக்கிறேன், இல்லையென்றால் இரண்டுக்கும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆண்டவருடையது, அதில் கை வைக்கமாட்டேன் என்றும் சொன்னேன். சபைக் கமிட்டிக்குச் செயலாளர் கம்பவுண்டர்தான். கமிட்டி கூடியது. என்னைக் கூப்பிட்டு, ஆர்கன் சபையின் சொத்து, சாவியைக் கொடுத்துவிடு என்றார்கள். நான் சங்கிலியை ரவிக்கைக்கு வெளியே எடுத்துக் காட்டினேன்.

"இந்தாங்க, இங்கதான் கீது. சாவி வேணும்னா கையும் கூடவே வரும். கை வேணாம்னா சாவியும் இல்ல."

ஆண்கள் நிறைந்த அறை. பெண்பிள்ளை கழுத்தில் கிடக்கிற சங்கிலியில் யார் கை வைப்பது? ஒருவர் விசிறியை எடுத்து விசிறிக்கொண்டார். போதகர் பாதி வழிக்கு வந்தார். பெண் உள்ளே வருகிற முதல் பாட்டை மட்டும் விட்டுவிடு, தாலி கட்டின பிறகு மற்றப் பாட்டெல்லாம் நீயே வாசி, சமாதானமாகப் போய்விடலாம் என்றார். முதல் பாட்டு இல்லாமல் மிச்சம் எதற்கு என்றேன். அதற்குமேல் ஒன்று கேட்டேன். அதைக் கேட்டதற்கு இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை.

"கம்பவுண்டர் சாரும் பொண்டாட்டிய பறிகொடுத்தவருதான ஐயா? நாளைக்கு அவரு பொண்ணுக்குக் கல்யாணம்னா, கையப் புடிச்சிக் கூட்டிக்கினு வர்றது அவருதான? அந்தக் கைக்கு ஒண்ணும் இல்லியா?"

கம்பவுண்டர் எழுந்து வெளியே போய்விட்டார். கூட்டம் அத்தோடு கலைந்தது.

அடுத்த வருஷமே அவர் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகும் என்று எனக்கென்ன தெரியும்? அந்தப் பெண் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவள். அக்கா கையால் எண்ணெய் வைத்துச் சடை பின்னிப் பள்ளிக்கூடம் வருவாள். சாப்பாட்டு மணி அடித்தால் வேலியண்டை அக்கா சோற்றுப் போசியோடு நிற்பாள். மாப்பிள்ளை படவேட்டுக்குப் பக்கம், ஸ்கூல் வாத்தியார். எனக்கு வெற்றிலைபாக்கு வைத்தார்கள். ஆர்கன் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

கல்யாணத்துக்கு முதல்நாள் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது ஆர்கன் சத்தம் கேட்டது. என் கழுத்தில் சாவி இருக்கிறது, அங்கே ஆர்கன் பாடுகிறது. ஸ்க்ரூவைக் கழற்றிப் பூட்டையே பெயர்த்துவிட்டிருந்தார்கள். வேலூரிலிருந்து ஆர்கன் வாசிக்கிற ஒரு சாரை ஜீப் வைத்துக் கூட்டி வந்திருக்கிறார்கள். கேட்டுக்கொண்டே நின்றேன். மனுஷன் நன்றாக வாசித்தார். என்னைவிட நன்றாகவே வாசித்தார், அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? கறுப்புக் கட்டையெல்லாம் அவருக்கு வீட்டுப்பாடம் மாதிரி. பிள்ளைகள் வாய்ப்பாட்டை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். பதிமூன்றாம் வாய்ப்பாட்டை இன்னொரு தரம் உரக்கச் சொல்லவைத்தேன்.

வாசிப்பு நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதில்லை வழக்கு. என்னைவிட நன்றாக வாசிக்கிறவர் வந்தால் பெஞ்சை விட்டு எழுந்து நானே துடைத்துக் கொடுப்பேன். அவரை அழைத்து வந்தது வாசிப்புக்காக இல்லை. என் கழுத்தில் தாலி இல்லாததற்காக. இன்றைக்கு இதை விட்டால் இந்த மலையில் இனி எந்தப் பெண்ணும் என் கையால் உள்ளே வரப்போவதில்லை. சாகிறவரைக்கும் சாவுக்கு வாசிக்கிறவள் என்று என்னை முடிவுகட்டிவிடுவார்கள்.

மறுநாள் காலை தலைக்குக் குளித்தேன். என் கல்யாணத்துக்கு எடுத்த ஆரணிப் பட்டைக் கட்டிக்கொண்டேன். பூ வைக்கவில்லை. என் சண்டை பூவுக்காக இல்லை. சர்ச்சில் அப்போது பெஞ்சுகளுக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தவர்களைத் தவிர யாரும் இல்லை. நேராகப் போய் ஆர்கன் பெஞ்சில் உட்கார்ந்தேன். பூட்டு இருந்த இடத்தில் ஓட்டை தெரிந்தது.

வேலூர் சார் வந்தார். கைக்குட்டையை மடித்து மடித்து வைத்துக்கொண்டு, உட்காரலாமா என்று மரியாதையாகக் கேட்டார். உட்காருங்க சார் என்று ஆண்கள் பக்கத்துப் பெஞ்சைக் காட்டினேன். அவர் ஒருகணம் என்னைப் பார்த்துவிட்டு, அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டார். நல்ல மனிதர்.

கூட்டம் சேர்ந்தது. மாப்பிள்ளை வந்து முன்னால் நின்றான். போதகர் குனிந்து என் காதில், அம்மா, தயவுபண்ணி என்றார். நான் மிதியில் காலை வைத்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் பெண் வந்துவிட்டாள். கம்பவுண்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே என்னைப் பார்த்தார். அவர் முகம் கறுத்தது. நான் எழுந்திருக்கவில்லை.

ஆண்களில் யாரும் என்னைத் தொட முடியாது. பெண்கள் பக்கம் ஜாடை காட்டினார்கள். எவள் வருவாள்? சுபகாரியத்தன்று தாலியறுத்தவளைத் தொட்டு இழுக்கச் சுமங்கலிகளுக்குப் பயம். ஒருத்தி எழுந்தாள், அவள் மாமியார் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தாள். வாசலில் கம்பவுண்டர் யாரிடமோ சொன்னது சர்ச் முழுக்கக் கேட்டது. அவர் அடிக்குரலே ஏழு சபைக்குக் கேட்கும்.

"அக்காவக் கூப்புடு. முள்ள முள்ளாலதான் எடுக்கணும்."

சர்ச்சுக்குப் பின்னால் கொட்டகையில் பிரியாணிக்கு வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. அக்கா அங்கேதான் இருந்தாள். வளர்த்த பெண்ணுக்கு அன்று காலை புடவை கட்டிவிடக்கூட அவள் உள்ளே போகவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. பீடத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கதவு வழியாக அவளைக் கூட்டி வந்தார்கள். ஆர்கன் அந்தக் கதவண்டைதான். உள்ளே வந்து என்னை இழுத்துக்கொண்டு அப்படியே வெளியே போய்விட்டால் யார் கண்ணிலும் படாத வேலை என்று நினைத்திருப்பார்கள்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். கையில் வெங்காய வாடை, இஞ்சிபூண்டு வாடை. அண்டாவில் துடுப்புப் போடுகிற கை, இரும்பு மாதிரி. இழுத்தாள். என் பாதி உடம்பு பெஞ்சை விட்டு எழும்பிவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வலியால் இல்லை.

"வர்றேன் அக்கா, இழுங்க. இழுக்கறதுக்கு முன்னாடி ஒருதரம் வாசப்பக்கம் பாத்துடுங்க. இன்னிக்கு வுட்டா உங்கள இன்னொருதரம் உள்ள வுட மாட்டாங்க."

அவள் என்னைத்தான் முறைத்தாள். அப்புறம் திரும்பினாள்.

சர்ச்சின் அந்தக் கோடியில், வாசல் வெளிச்சத்தில், வெள்ளைப் புடவையும் தலையில் முக்காடும் கையில் பூச்செண்டுமாக அந்தப் பெண் நின்றிருந்தாள். அக்கா அவளை அந்தக் கோலத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பெண்ணின் வாய் அசைந்தது. எங்களுக்குக் கேட்கவில்லை. அத்தை என்றுதான் சொல்லியிருப்பாள், வேறு என்ன சொல்வாள்?

என் கையில் அக்காவின் பிடி தளர்ந்தது. அவள் இரண்டு கையையும் முந்தானையில் அழுத்தித் துடைத்தாள். முகத்தையும் துடைத்தாள். கதவண்டை நின்றவர்கள், அக்கா, அக்கா என்று அடிக்குரலில் கூப்பிட்டார்கள். அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"தள்ளிக்கோ" என்றாள் என்னிடம்.

தள்ளி உட்கார்ந்தேன். அவள் என் இடப்பக்கத்தில், ஆர்கன் பெஞ்சிலேயே, வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"வாசிம்மா. எம் பொண்ணு வர்றத நான் பாக்கணும்."

வாசலில் கம்பவுண்டர் அசையாமல் நின்றார். இரண்டு பேரையும் இழுத்துப்போட அந்தச் சபையில் மூன்றாவதாகத் தாலியறுத்தவள் ஒருத்தியும் இல்லை. அவர் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தலையைக் குனிந்து, பெண்ணின் கையைத் தன் கைக்குள் இன்னும் சரியாக வைத்துக்கொண்டார்.

நான் மிதித்தேன். பழைய டியூப் ஒட்டில் காற்று ஏறியது. அக்கா கனத்த உடம்பு, பெஞ்சின் அந்தப் பக்கத்தை முழுதாக அடைத்துக்கொண்டிருந்தாள். என் இடது கைக்குக் கீழ்க்கட்டைகள் எட்டவில்லை. எட்டினதை வைத்துக்கொண்டு வாசித்தேன். சபை எழுந்து நின்றது. பெண் வாசற்படியைத் தாண்டினாள்.